அரசாணை போதாது, சட்டம் வேண்டும்

2023 ஏப்ரல் தொடக்கத்தில், நிலக்கரிச் சுரங்க ஏலத்துக்கான மத்திய அரசின் பட்டியல் ஒன்று காவிரிப் படுகையைக் கொதிக்க வைத்தது. தஞ்சாவூர் மாவட்டத்தின் வடசேரி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள நிலம், அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் அதில் இருந்தன. நாற்றங்காலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் ஊர்களின் பெயரை ஏலப் பட்டியலில் பார்த்த விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். சட்டப்பேரவையில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8ஆம் தேதி, மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து விலக்கப்படுவதாக அறிவிப்பு வந்துவிட்டது.

சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதங்கள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரு வாரத்தில் பலன் கிடைப்பதில்லை. இந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றது: தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020. ஏலத்துக்கு வந்த நிலங்களில் வடசேரியும் சேத்தியாத்தோப்புப் பகுதியும் அந்தச் சட்டம் காக்கும் மண்டலத்துக்குள் வருகின்றன என்று சொல்ல முடிந்ததால்தான் வேண்டுகோள் உரிமைக் குரலாக மாறியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது எடப்பாடி பழனிசாமி தலைமையிலான அதிமுக அரசு. அதில் ஓட்டைகள் இருப்பதாக அன்று எதிர்வரிசையிலிருந்து பேசியது திமுக. மூன்றே ஆண்டுகளில் அதே சட்டத்தைக் கையில் எடுத்து டெல்டாவுக்காகப் போராட வேண்டிய இடத்துக்குத் திமுக அரசு வந்தது. ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை.

அடுத்த ஆண்டு அரிட்டாபட்டியில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் குன்றுகளும் அவற்றில் ஊறும் சுனைகளும் உண்டு. சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உண்டு. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அப்படியிருந்தும், 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட பரப்புக்குள் அது சேர்க்கப்பட்டிருந்தது. ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. மக்களின் வெற்றிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால், டெல்டாவுக்குச் சில நாட்களில் கிடைத்தது மேலூருக்குக் கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. வேலையை விட்டு, கடையை அடைத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாலைக்கு வர வேண்டியிருந்தது. சட்டப்பேரவைத் தீர்மானம் பேரவையின் விருப்பத்தைச் சொல்லும், யாரையும் கட்டுப்படுத்தாது.

தமிழ்நாட்டின் சூழலையும் காலநிலையையும் பற்றி இன்று நாம் செய்துகொண்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் சட்டத்தின் பலம் இல்லாத இந்த இரண்டாவது வகையில்தான் அடங்குகிறது. தீர்மானம், அறிவிப்பு, அரசாணை, இயக்கம், மாநாடு. இவற்றைச் சட்டமாக்க வேண்டியவர்கள் சென்னைக் கோட்டையில் அமரும் 234 சட்டப்பேரவை உறுப்பினர்கள். அவர்களிடம் பேசுவதற்காகவே இந்தக் கட்டுரை.

இருப்பதை மதித்துத்தான் கேட்கிறோம்

தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாநில அளவில் காலநிலைக்கென்று ஒரு தனி நிறுவனத்தை, தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனத்தை, முதலில் அமைத்தது நாம்தான். பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் என்று மூன்று இயக்கங்கள் நடக்கின்றன. காட்டையும் மரப்பரப்பையும் பத்து ஆண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவது முதல் இயக்கத்தின் இலக்கு. 2022 அக்டோபரில் முதல்வர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான நிர்வாகக் குழு அமைக்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை இயக்கம் இருக்கிறது. நாட்டிலேயே அதிகமாக, உலக அங்கீகாரம் பெற்ற 20 ராம்சர் ஈரநிலங்கள் நம்மிடம் உள்ளன. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்க வழி செய்யப்பட்டது. இந்த வேலைகளைச் செய்துவரும் அதிகாரிகளும் அறிவியலாளர்களும் பாராட்டுக்கு உரியவர்கள்.

இவற்றில் பெரும்பாலானவை நிற்பது அரசாணையின் மேல். ஓர் அரசாணையை இன்னோர் அரசாணை மாற்றிவிடும். அமைச்சர் மாறினால் முன்னுரிமை மாறும், செயலாளர் மாறினால் கோப்பு அடியில் போகும், நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது இத்தகைய இயக்கங்களுக்குத்தான். 33 விழுக்காடு எட்டப்படாவிட்டால் பேரவையில் யார் பதில் சொல்வது? எந்த ஆண்டுக்குள் எந்தப் படியை எட்டியிருக்க வேண்டும்? தவறினால் என்ன செய்ய வேண்டும்? இதற்கெல்லாம் விடை கேட்கும் உரிமையை உறுப்பினருக்குத் தரும் சட்டம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மானியக் கோரிக்கை விவாதத்தில் சில நிமிடம் பேசலாம். கேள்வி நேரத்தில் கேட்கலாம். அதற்கு மேல் பிடிமானம் கிடையாது.

காலநிலையோ நமக்கு அவகாசம் தருவதாக இல்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பரவியது. வெள்ளத்தில் பாத்திரம் பண்டம் இழந்த மீனவக் குடும்பங்கள், அதே வாரத்தில் வலையையும் படகையும் இறால் பாட்டையும் எண்ணெயில் இழந்தன. இரண்டு வாரம் கழித்துத் தாமிரபரணிக் கரை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் நாள்கணக்கில் தவித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரை ஊர்களைப் புரட்டிப்போட்டது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி ஏழு பேரைக் கொன்றது.

இவை எல்லாமே புவி வெப்பமாவதால் மட்டும் நேர்ந்தவை அல்ல. கடல் சூடாகும்போது காற்று தாங்கும் ஈரம் கூடுகிறது. அதனால் குறைந்த நேரத்தில் கூடுதல் மழை கொட்டும் வாய்ப்பு அதிகரிக்கிறது. அவ்வளவுதான் அறிவியல் சொல்வது. கொட்டிய மழை எங்கே தங்க வேண்டும், எந்த வழியில் ஓட வேண்டும், எந்த வீட்டுக்குள் நுழையும் என்பதைத் தீர்மானிப்பது நிலத்தில் நாம் செய்திருக்கும் காரியங்கள். அந்தக் காரியங்கள் மாநிலச் சட்டத்தின் கைக்குள் இருக்கின்றன.

நீதிமன்றம் செய்துவந்த வேலை

பேரவை ஒதுங்கி நின்ற இடங்களில் நீதிமன்றம் நுழைந்திருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், ஆபத்து உறுதியாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அறிவித்தது பாலாற்று வழக்கில்தான். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறும் நிலமும் கெட்ட மக்களின் வழக்கு அது. நாடு முழுக்க இன்று எடுத்தாளப்படும் தீர்ப்பு, வறண்டுபோன நம் ஆற்றின் கரையிலிருந்து வந்தது. ஆனால், பாலாறு சரியாகவில்லை. கிட்டத்தட்ட 30 ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே மாவட்டத்தின் அதே ஆலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

நொய்யலின் கதை இன்னும் கசப்பானது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணையில் நீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறோமா, அணை நீர் வேண்டாம் என்று உழவர் சொல்வதை? ஆண்டுகள் பல வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஓர் ஊரின் தொழில் ஒரே உத்தரவில் நின்றது. பட்டறை முதலாளி, கூலித் தொழிலாளி, நிலமிழந்த விவசாயி எல்லோரும் சேர்ந்து அதற்கு விலை கொடுத்தார்கள். கழிவுநீர் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குத் திருப்பூர் பிறகு மாறியது. இன்று அதைத் தன் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறது. அந்த மாற்றத்தை 1990களிலேயே காலக்கெடுவோடும் அரசின் நிதியுதவியோடும் ஒரு மாநிலச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தால் அணையும் பிழைத்திருக்கும், பட்டறைகளும் ஒரே நாளில் மூடியிருக்காது. சூழல் சட்டம் வந்தால் தொழில் ஓடிவிடும் என்று அஞ்சும் உறுப்பினர்கள் திருப்பூருக்குப் போய்ப் பேச வேண்டும். சட்டம் முன்கூட்டியே வழி சொல்லும். நீதிமன்றத்துக்கு விவகாரம் வரும்போது, மூடுவதைத் தவிர வேறு வழி மிஞ்சியிருக்காது.

2024 மார்ச் 21 அன்று எம்.கே.ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. கானமயில் என்ற அழிந்துவரும் பறவையைப் பற்றிய வழக்கு அது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசமைப்பின் 14, 21ஆம் கூறுகளிலிருந்து பிறக்கும் உரிமை என்று தீர்ப்பு கூறியது. காலநிலைக்கென்று முழுமையான ஒற்றைச் சட்டம் இந்தியாவில் இல்லை என்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். உரிமையை அறிவிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதைக் கடமையாகவும் கெடுவாகவும் நிதி ஒதுக்கீடாகவும் மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை.

சட்டம் இருந்தால் மட்டும்?

‘இருக்கிற சட்டத்தையே யார் மதிக்கிறார்கள்?’ இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்முடைய சொந்த வரலாறே இதற்குச் சான்று.

2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. ஆழ்துளைக் கிணறுகளையும் நீர் எடுப்பையும் மாநிலம் முழுக்க நெறிப்படுத்த வேண்டிய சட்டம். அது நடைமுறைக்கே வரவில்லை. பத்து ஆண்டு ஏட்டில் கிடந்து 2013இல் ரத்து செய்யப்பட்டது. அதே 2003இல்தான் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமானது. அதற்கு ஒரு கெடு இருந்தது. கெடு தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கை இருந்தது. வீடு வீடாக வந்து பார்க்க ஆள் இருந்தார்கள். சில மாதங்களில் மாநிலமெங்கும் கூரைகளிலிருந்து குழாய்கள் இறங்கின. ஜெயலலிதா அரசின் அந்த நடவடிக்கையை அவருடைய அரசியல் எதிரிகளும் மெச்சினார்கள். ஆனால், ஆண்டுதோறும் ஆய்வு செய்யும் ஏற்பாடு வலுவாக இல்லாததால் பல வீடுகளில் அந்தக் குழிகள் இன்று தூர்ந்து கிடக்கின்றன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதுதான் அவை மறுபடியும் நினைவுக்கு வந்தன.

ஒரே ஆண்டு, ஒரே அரசு, ஒரே பிரச்சினை. ஒன்று செத்துப் பிறந்தது, மற்றது ஊரையே மாற்றியது. பொறுப்பான அதிகாரி யார், எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன, யார் பரிசோதிப்பார் என்ற நான்குக்கும் சட்டத்துக்குள்ளேயே விடை இருந்ததா என்பதுதான் வேறுபாடு. காலநிலைச் சட்டம் வேண்டும் என்று கேட்கும்போது, நல்லெண்ணத்தை முகவுரையில் எழுதிவைக்கும் சட்டத்தை நாம் கேட்கவில்லை.

ஏரிகளின் சட்டத்தையும் பார்ப்போம். ஆக்கிரமிப்பை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் உத்தரவிட்ட பிறகு, 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஊராட்சிகளின் பொறுப்பில் இருக்கும் சிறிய ஏரிகள். அவையும், ஏரிக்கு உயிரான வரத்துக் கால்வாயும், குளமும் குட்டையும் ஊருணியும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கரையைக் காத்துவிட்டுக் கால்வாயை விட்டுவிட்டால் ஏரி எப்படி நிரம்பும்? மதகும் கலங்கலும் தெரிந்த எந்த உழவரும் முதல் நாளிலேயே கேட்டிருப்பார். அந்த உழவரைக் கேட்டுச் சட்டம் எழுதும் வழக்கம் நம்மிடம் குறைவு.

2023 ஏப்ரலில் நடந்ததை உறுப்பினர்களுக்கு நினைவூட்டியே ஆக வேண்டும். 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரும் திட்டங்களுக்காக, நீர்நிலையும் ஓடையும் உள்ள அரசு நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைத்துத் தர வழிசெய்யும் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், கூட்டத்தொடரின் கடைசி நாளில் விவாதமின்றி நிறைவேறியது. சூழல் அமைப்புகளும் விவசாயச் சங்கங்களும் பிறகு எவ்வளவோ எதிர்த்தும் 2024இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியிருந்தால், ஒரு மாதம் மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தால், என்ன இழப்பு வந்திருக்கும்? தத்தம் தொகுதியில் எத்தனை ஏரி, எத்தனை ஓடை அதற்குள் வரும் என்று கேட்டிருந்தால் உறுப்பினர்கள் மௌனமாக இருந்திருப்பார்களா? ஏரியைக் காக்கும் சட்டத்தில் கால்வாயை மறந்துவிட்டு, ஏரியைத் திட்டத்துக்குள் சேர்க்கும் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றிய பேரவையிடம்தான் இன்று காலநிலைச் சட்டம் கேட்கிறோம். அதனால்தான் உரக்கக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாநிலத்தால் முடியுமா?

சுற்றுச்சூழல் என்றால் டெல்லியின் வேலை என்று ஒதுங்குவது பேரவைக்குப் பழகிவிட்ட பதில். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையைத் திறந்து பார்த்தால் வேறு சித்திரம் தெரியும். நிலம், நீர், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், மீன்வளம், உள்ளாட்சி எல்லாம் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காடும் மின்சாரமும் பொதுப் பட்டியலில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு அடித்தளமிட்ட 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம்கூட, மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு நாடாளுமன்றம் இயற்றியதுதான். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் அணுமின் நிலையத்திலும் மாநிலத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால், வெள்ளச் சமவெளியில் யார் கட்டலாம், சதுப்பு நிலத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் விட வேண்டும், நண்பகல் வெயிலில் சாலை போடும் தொழிலாளிக்கு எப்போது ஓய்வு தர வேண்டும் என்பவற்றுக்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கேரளம் 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வயலை மேடாக்குவதற்கு அந்தச் சட்டம் ஊர்மட்டத்திலேயே தடை போட்டது. பத்து ஆண்டு கழித்துத் திருத்தம் ஒன்று வந்து, பழைய மாற்றங்களைக் கட்டணம் கட்டி முறைப்படுத்தலாம் என்றாக்கியது. அந்தத் திருத்தம் பேரவைக்கு வந்தாக வேண்டியிருந்தது, ஊர் முழுக்க அது பேசப்பட்டது. அரசாணையைத் திருத்தும்போது இந்த வெளிச்சம் கிடைக்காது.

இன்னும் தொலைவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கா 2001இல் கியோட்டோ உடன்படிக்கையைக் கைவிட்டது. வாஷிங்டன் கதவைச் சாத்திய நிலையில், 2006இல் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றம் தனக்கென்று ஒரு காலநிலைச் சட்டத்தை இயற்றியது. 2020க்குள் மாநிலத்தின் வெளியேற்றத்தை 1990இல் இருந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. கையெழுத்திட்ட ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் குடியரசுக் கட்சிக்காரர். இலக்கை அடையும் திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று சட்டமே விதித்தது. 2010இல், வேலையின்மையைக் காரணம் காட்டி, டெக்சாஸ் எண்ணெய் நிறுவனங்களின் பணத்தோடு, அந்தச் சட்டத்தை நிறுத்திவைக்கப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அரசாணையாக இருந்திருந்தால் ஓர் அலுவலகத்துக்குள் முடிந்திருக்கும் விஷயம் அது. சட்டமாக இருந்ததால் வாக்காளர்களிடம் வர வேண்டியிருந்தது. பத்தில் ஆறு பேர் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். 2020க்கான இலக்கை அந்த மாநிலம் 2016இலேயே எட்டிவிட்டது. அதற்குள் அதன் பொருளாதாரம் சுருங்கிவிடவுமில்லை.

ஏழை நாடான நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்தியர் ஒருவரின் வெளியேற்றம் உலகச் சராசரியைவிடக் குறைவு. வளர்ந்த நாடுகள் தம் பழைய கடனை அடைத்தாக வேண்டும். அதை உலக அரங்கில் விடாமல் கேட்க வேண்டும். ஆனால், தமிழ்நாட்டுக்கு வேண்டிய சட்டத்தின் முதல் பாதி புகையைக் குறைப்பதைப் பற்றியதே அல்ல. எண்ணூர் மீனவரையும் வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளியையும், கஜா புயலில் தென்னையை இழந்த பட்டுக்கோட்டை விவசாயியையும், தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் பிள்ளைபெற்ற பெண்ணையும் காப்பதைப் பற்றியது. இவர்களில் யாரும் புவியைச் சூடாக்கவில்லை. இவர்களைக் காக்க அமெரிக்கா முதலில் மாற வேண்டும் என்று காத்திருப்பது என்ன நியாயம்?

சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்

முதலாவதும் முக்கியமானதுமாக, பேரவைக்குப் பதில் சொல்லும் சுதந்திரமான ஓர் ஆணையம் வேண்டும். அறிவியலாளர்களோடு மீனவர், விவசாயி, தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அது தன் அறிக்கையைத் தமிழில் பேரவையின் முன் வைக்க வேண்டும். எந்த இலக்கு எட்டப்பட்டது, எது தவறியது, எந்தத் துறையால் தவறியது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். குறிப்பிட்ட மாதங்களுக்குள் அரசு பதிலளித்தாக வேண்டும். 2008இல் காலநிலைச் சட்டம் இயற்றிய பிரிட்டனில் இப்படித்தான் நடக்கிறது: ஆளும் கட்சி எதுவானாலும் ஆணையம் குறை சொல்கிறது, அரசு எழுத்தில் பதில் தருகிறது. முதல்வர் தலைமையிலான குழு இதற்கு மாற்றாகாது. தன் தேர்வுத்தாளை எந்த அரசும் தானே திருத்தக் கூடாது.

இரண்டாவது நிலம். பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்துகிடந்த சதுப்பு. குப்பைமேடும் சாலையும் கட்டிடங்களும் தின்றதுபோக மிஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் தலமானது. அதற்குப் பிறகும் அதன் எல்லை எது, அதைச் சுற்றி எவ்வளவு தூரம் கட்டிடம் கூடாது என்பதற்காகப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வழக்காட வேண்டியிருக்கிறது. உலக அங்கீகாரம் பெற்ற ஈரநிலத்துக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஊர்க் குட்டையின் கதி என்ன? ஆறுகளின் வெள்ளச் சமவெளியும் ஈரநிலங்களின் எல்லையும் சர்வே எண்ணோடு சட்டத்தின் அட்டவணையில் ஏற வேண்டும். அதில் ஓர் எண்ணை நீக்குவதானாலும் பேரவையில் திருத்தம் கொண்டுவந்தே நீக்க வேண்டும். அதிகாரியின் ஒரு கையெழுத்தில் ஏரி வீட்டுமனையாக மாறும் வழி அடைபட்டால், சென்னை வெள்ளத்தில் பாதிப் பிரச்சினை தீரும்.

வேளாண் மண்டலச் சட்டத்தின் ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். ஏற்கெனவே இயங்கும் எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. காவிரியால் விளையும் எல்லாப் பகுதிகளையும் அது சேர்த்துக்கொள்ளவும் இல்லை. வெயிலில் வேலை செய்வோருக்கான ஓய்வு, குடிநீர், நிழல், வேலைநேர மாற்றம் ஆகியவை இப்போது ஆலோசனைக் குறிப்புகளாக வருகின்றன. அவை உரிமையாக வர வேண்டும். கூலி வெட்டில்லாமல் வர வேண்டும். அனல்மின் நிலையங்கள் மூடப்படும் காலத்தில் அங்கே வேலை செய்வோரின் மாற்று வாழ்வுக்கும் சட்டத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்ட மாநிலத்துக்கு இது எட்டாத காரியமல்ல.

உறுப்பினரின் கையில்

அரசு மசோதா கொண்டுவரட்டும், நாம் வாக்களிப்போம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தனிநபர் மசோதா என்ற வழி எல்லா உறுப்பினருக்கும் திறந்தே இருக்கிறது. எப்படியும் தோற்கும் என்று அதைப் புறந்தள்ளுகிறார்கள். மாற்றுப் பாலினத்தவரின் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015இல் மாநிலங்களவை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் அந்த அவையில் அப்படி நிறைவேறிய முதல் மசோதா அது. அந்த வடிவிலேயே அது சட்டமாகவில்லை என்றாலும் அரசு தன் மசோதாவோடு வர வேண்டிய நிலையை உருவாக்கியது. கடலோர மாவட்டங்களின் உறுப்பினர்கள், கட்சி எதுவாக இருந்தாலும், ஒன்றாகக் கையெழுத்திட்டு அப்படி ஒரு வரைவை முன்வைத்தால் எந்த அரசும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

பேரவையின் உறுதிமொழிக் குழு இருக்கிறது. எண்ணூருக்கு, தூத்துக்குடிக்கு, பள்ளிக்கரணைக்கு அமைச்சர்கள் அவையில் கொடுத்த உறுதிகளில் எவை நிறைவேறின என்று அந்தக் குழு எடுத்துப் பார்க்கட்டும். மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது, வாசகர்கள் தங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயைப் பற்றி, தங்கள் தெருவில் தேங்கும் வெள்ளத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள். தொகுதி உறுப்பினர் திருமண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் வருகிறார். வரும்போது கேளுங்கள்: காலநிலைச் சட்டத்துக்கு உங்கள் ஆதரவு உண்டா, உண்டென்றால் அவையில் எப்போது பேசுவீர்கள்? கேட்ட நாளையும் அவர் சொன்ன பதிலையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். தமிழ்நாடு காலநிலைச் சட்டத்தின் வரைவு தமிழில் வெளியிடப்பட வேண்டும். ராமேஸ்வரத்திலும் நாகையிலும் மேலூரிலும் உதகையிலும் எண்ணூரிலும் அதன் மேல் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அனைத்துக் கட்சி உறுப்பினர்களும் அடங்கிய தேர்வுக் குழு அதைப் பிரிவு பிரிவாக ஆராய வேண்டும். கூட்டத்தொடரின் கடைசி நாளில் அல்லாமல், நடுவே இரண்டு முழு நாட்கள் அதற்காக அவை கூட வேண்டும். வாக்கெடுப்பு குரல் வாக்காக இல்லாமல், ஒவ்வொரு உறுப்பினரின் பெயரும் அவைக்குறிப்பில் பதிவாகும் வாக்காக நடக்க வேண்டும்.